நனைந்த தாடி

கறிமசாலாவில் போடுகிற கல்பாசியைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு ஒரு பங்காளி உண்டு. பாறையில் ஒட்டாமல் மரக்கிளையில் நரைத்த தாடி மாதிரித் தொங்கும். எங்கள் இடுக்கி மலையில் அது எல்லா இடத்திலும் இருக்காது. தேயிலைப் பாக்டரிப் புகை எட்டுகிற தூரம்வரை ஒரு மரத்திலும் கிடையாது. தொழிலாளர் லைன் வீடுகளுக்கு மேலே, ஏலக்காட்டையும் தாண்டி, ஆள் போகாத சோலைக்காட்டுக்குள் ஏறினால்தான் காணலாம். காற்றே இல்லாதபோதும் அசைகிற மாதிரி இருக்கும்.

நான் பள்ளிக்கூடம் போனவனில்லை. பேரன்தான் சொன்னான், அது ஒரு உயிர் இல்லையாம், இரண்டு உயிர் சேர்ந்து குடித்தனம் செய்கிறதாம். ஒன்று கூரையும் சுவருமாக நிற்குமாம், மற்றது உள்ளே உட்கார்ந்து வெயிலை வைத்துச் சமைக்குமாம். காய்ந்தால் செத்தது போலக் கிடக்கும். ஈரம் பட்டால் எழுந்துகொள்ளும். பேச்சு எங்கேயோ போகிறது. சித்தப்பாவின் தாடியைச் சொல்லத்தான் வந்தேன்.

எழுபதுகளில் ஒரு கிறிஸ்துமஸ், நான் சின்னப் பயல். வேலை விட்டதும் சாயங்காலம் வீடு வீடாகப் பாடிக்கொண்டு போவோம். வருஷா வருஷம் சித்தப்பாதான் கிறிஸ்துமஸ் தாத்தா. தாடிக்கு எஸ்டேட் ஆஸ்பத்திரிப் பஞ்சு. அந்த வருஷம் கம்பவுண்டர், "புண்ணுக்கே பஞ்சு இல்லடே, உன் தாடைக்கு எங்க போவேன்?" என்று விரட்டிவிட்டார். சித்தப்பா சாக்கை எடுத்துக்கொண்டு சோலைக்கு ஏறினார்.

சாக்கு நிறையப் பாசியோடு இறங்கி வந்தார். கேலி பேசாமல் வாய் திறக்காதவர், அன்றைக்கு வாசல் கல்லில் உட்கார்ந்து மலையையே பார்த்தார். கொடுத்த காப்பி ஆறிப்போனது. பிறகு அப்பாவைத் தனியே கூட்டிப்போய் என்னவோ சொன்னார். "பண்டிகை முடியட்டும்டே, அப்புறம் சொல்லிக்கலாம்" என்று அப்பா சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது.

அந்தச் சோலைக்குத்தான், அதற்குச் சில வருஷம் முன்னால், பெரியப்பா ஒருநாள் வெற்றிலையை மென்றுகொண்டே தேன் எடுக்கப் போனார். திரும்பவில்லை. ஆட்கள் தேடிப் பார்த்தார்கள். தேடுவது ஓய்ந்ததும் குழாயடியில் பேச்சு மாறியது. போடிப் பக்கம் ஒருத்தியோடு இருக்கிறார் என்றார்கள். பார்த்தவர் யாருமில்லை, பேசாதவரும் யாருமில்லை. பெரியம்மா தினமும் வேலை விட்டு வந்ததும் கதவை விரியத் திறந்துவைத்து, அவருடைய தட்டைக் கழுவிக் கவிழ்ப்பாள்.

பாடக் கிளம்பும்போது தாடி சாம்பல் வெள்ளையாக, நிஜத் தாத்தா மாதிரியே இருந்தது. நாலு வீடு போவதற்குள் மஞ்சு இறங்கிவிட்டது. பக்கத்தில் நடப்பவன் முகம் தெரியாத பனிமூட்டம்.

"ஏலே, தாத்தா தாடியப் பாருல! பச்சையாயிட்டு!" என்று ஒரு பயல் கத்தினான்.

சிரித்தோம். அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. தாடி முழுக்கப் பச்சை. உயிர் வந்த பச்சை. நுனியில் தண்ணீர் சொட்டியது. சித்தப்பா காட்டை அணிந்திருந்தாரா, காடு சித்தப்பாவை அணிந்திருந்ததா என்று தெரியவில்லை. நான் அப்பாவின் கம்பளிக்குள் புகுந்துகொண்டேன்.

கடைசி வீடு பெரியம்மாவுடையது. கதவு திறந்தே இருந்தது. முதல் அடி பாடி முடிக்கவில்லை, பெரியம்மா எழுந்து வந்தாள்.

"வந்துட்டீகளா?"

சந்தைக்குப் போய் வந்தவரைக் கேட்கிற சாதாரணக் குரல். பாட்டு நின்றுவிட்டது. சித்தப்பாவுக்குப் பெரியப்பாவின் உயரம், அதே சாய்ந்த நடை. பெரியம்மா கிட்டே வந்து தாடியை விரல்களுக்கிடையில் பிழிந்தாள். தண்ணீர் அவள் கைவழியே ஓடியது.

"மேலேருந்தா?"

சித்தப்பா தாடியைக் கழற்றவில்லை. "அண்ணன் எங்கயும் போகல, மதினி," என்றார் தாடிக்குள்ளிருந்து. "மேலதான் இருக்காக."

பிறகு பைக்குள் கைவிட்டார். ஒவ்வொரு வீட்டிலும் மிட்டாய் வந்த பை அது. வந்தது துருப்பிடித்த ஒரு சுண்ணாம்பு டப்பா, மூடி நசுங்கியது. பெரியம்மா வெற்றிலையே போடமாட்டாள். அவளுக்கு எதற்கு இது, மிட்டாயைக் கொடுக்கக் கூடாதா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அவள் அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். அவள் உள்ளே இருக்கும்போது அந்தக் கதவு சாத்தி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

காலையில் தாடி ஆணியில் காய்ந்து, ஒன்றுமே நடக்காதது போல மறுபடி நரைத்துக் கிடந்தது.

பண்டிகைக்கு மறுநாள் ஆம்பளைகள் மண்வெட்டியும் புதுக் கம்பளியும் எடுத்துக்கொண்டு, கோயிலில் ஜெபம் சொல்லும் உபதேசியாரையும் கூட்டிக்கொண்டு மேலே ஏறினார்கள். "விறகுக்குப் போறாக" என்றாள் அம்மா. விறகு வெட்ட உபதேசியார் எதற்கு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

ஜனவரி ஒண்ணாந்தேதி பெரியம்மா கோயிலுக்குக் குழாயடி வழியாகவே நடந்தாள். சுற்றுவழி இருந்தும் அந்த வழிதான். மடிப்புக் கலையாத வெள்ளைச் சேலை. தலை நிமிர்ந்திருந்தது. பெண்கள் குடத்தை நகர்த்தி வழிவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பெரியம்மாவுக்கு மட்டும் புதுச்சேலை" என்றேன். அம்மா என் வாயைப் பொத்தினாள்.

பெரியப்பாதான் வாங்கி அனுப்பியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.