'கீக்' சத்தத்தை நம்பினேன்

நாங்கள் முதல் கார் வாங்கிய புதிது. தம்பி கல்யாணத்துக்கு முதல் நாள், திருப்போரூர் முருகன் பாதத்தில் தாலியை வைத்து வாங்கிக்கொண்டு கணவரும் நானும் திரும்பினோம். கேளம்பாக்கத்தில் டீ குடிக்க இறங்கினோம். கண்ட இடத்தில் தாலியை வைக்கக் கூடாதென்று, பையைப் பின் சீட்டிலேயே விட்டேன். நடந்துகொண்டே ரிமோட்டை அமுக்கினேன். 'கீக்' என்று கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

டீயை வாயில் வைத்தபோது, ஒருவன் எங்கள் கார்க் கதவை நிதானமாகத் திறந்தான். அலாரம் அடிக்கவில்லை.

"டேய்! இன்னாடா பண்றே?" என்று கத்திக்கொண்டு ஓடினேன். அவன் கையில் எடுத்த பையைப் போட்டுவிட்டு, தயாராக நின்ற பைக்கில் ஏறிப் பறந்தான். தாலி பைக்குள்ளேயே இருந்தது.

பக்கத்துக் கார்க்காரர் ஓடிவந்தார். "பூட்டினேனே, 'கீக்'னு கேட்டுதே!" என்றேன்.

"அந்தச் சத்தம் என் வண்டிதும்மா. நீங்க அமுக்குறப்பவே நானும் அமுக்கினேன். ரிமோட்ட வேலை செய்யவுடாத மிஷினு வெச்சிகினு சுத்துறானுங்க. உங்க வண்டி பூட்டவே இல்ல."

இப்போதெல்லாம் எத்தனை முறை 'கீக்' கேட்டாலும், கைப்பிடியை இழுத்துப் பார்க்காமல் நகர்வதில்லை. மறுநாள் தம்பி கல்யாண மேடையில் தாலியின் மூன்றாவது முடிச்சை நாத்தனாரான நான்தான் போட்டேன். அதையும் இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன்.