கண்டக்டர் வீட்டுத் திவசம்

எங்கள் ஒழுங்கைக்குக் காலையில் மீன்காரர் சைக்கிளில் வருவார். ஹாண்டிலில் கறுப்பு றப்பர் ஹோர்ண். அவர் அதை அமுக்கும்போதெல்லாம் என் வலக்கை விரல்கள் தாமாக மடங்கி விரிகின்றன. நேற்று மனைவி கண்டுவிட்டாள். "என்னப்பா, கை விறைச்சிட்டுதோ?" என்றாள். சூடை மீன் இருக்கோ என்று கேள் என்று பேச்சை மாற்றினேன். உங்களுக்கென்றால் சொல்லலாம்.

அப்போது நான் இன்ரேன். படித்து முடித்தபின், முழு டொக்டர் ஆகுமுன், ஒரு வருசம் ஆஸ்பத்திரியில் மாடாய் உழைக்கவேண்டுமே, அது. சமாதானக் காலம், ஏ-ஒன்பது பாதை திறந்திருந்தது. வவுனியாவில் ஓர் ஆஸ்பத்திரி. தேத்தண்ணிக் கடைக்குப் போகும்போதுகூட ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றாத ஆள் நான். ஆனால் ஊசி போட நரம்பு தேடி நான் படுகிற பாட்டைப் பார்த்து, நோயாளிகளே எனக்கு ஆறுதல் சொல்வார்கள்.

வார்டில் ஓர் அம்மா இருந்தார், ஊர் மல்லாவி. மூளையில் இரத்தக்கசிவு, மெஷினில்தான் மூச்சு. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று பெரிய டொக்டர் சொன்னதும் புருஷன் கேட்டது ஒன்றுதான்.

"உயிரோடை வீட்டை கொண்டு போகவேணும் ஐயா. மகள் கால் முறிஞ்சு கிடக்கிறாள். அவளின்ரை கையாலை பால் பருக்கவேணும்."

அவர் பஸ் கண்டக்டர். ஒரே மகள். உயிர் போகுமுன் பிள்ளை கையால் பால் பருக்குவது எங்கள் சனத்துக்குச் சின்ன விசயமில்லை. அதோடு வழியில் ஆமியின் ஓமந்தைச் சோதனைச்சாவடி வேறு. உயிரோடு என்றால் அம்புலன்சை விடுவார்கள், பிரேதம் என்றால் கடிதம், கையெழுத்து என்று மறுநாளாகும் என்று எங்களுக்குள் கதை. கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கிற றப்பர்ப் பையைப் பெரிய டொக்டர் என்னிடம் தந்தார். "வீடு போகுமட்டும் கையை விடாதையும்" என்றார்.

ஓமந்தையில் நீண்ட வரிசை. அமுக்குகிறேன், விடுகிறேன். இரண்டரை மணிக்குக் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். நாடி இல்லை. மற்றப் பக்கம் வைத்தேன். பெருமைக்குக் கொழுவித் திரிந்த ஸ்டெதஸ்கோப்பையும் வைத்துப் பார்த்தேன். இல்லை. அந்த நேரம் பார்த்து ஒரு சிப்பாய் கதவைத் திறந்து, "உயிர் இருக்கா?" என்று தெரிந்த தமிழில் கேட்டான். கண்டக்டர் என் முகத்தைப் பார்த்தார்.

"இருக்கு" என்றேன். அமுக்குவதை நிறுத்தவில்லை.

அதன்பிறகு கண்டக்டர், பழக்கதோசம், பஸ்ஸில் போல ஒவ்வோர் இறக்கமாக மனைவியின் காதில் சொல்லிக்கொண்டு வந்தார். "புளியங்குளம் வந்திட்டுது." "கனகராயன்குளமப்பா, கொஞ்சம் பொறு." மாங்குளத்தில் திரும்பும்போது அவளின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"தம்பி, கால் குளிருது."

"காத்தடிக்குதெல்லே. போத்துவிடுங்கோ."

தோளில் கிடந்த சால்வையை எடுத்துப் போர்த்திவிட்டார். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

வீட்டில் மகளைக் கதிரையில் இருத்தித் தூக்கி வந்தார்கள். "அம்மா, நான்தானம்மா" என்று கரண்டியால் உதட்டில் பால் விட்டாள். அக்கம்பக்கத்தவர்களும் விட்டு முடிந்ததும்தான் நான் கையை எடுத்தேன். விரல்கள் விரிய மறுத்தன.

"எத்தினை மணி, தம்பி?"

"நாலே முக்கால்."

கண்டக்டர் சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்தார். மூன்றரையோடு தசமி முடிந்து ஏகாதசி தொடங்கியிருந்தது. "ஏகாதசியிலை போயிருக்கிறாள், குடுத்து வைச்சவள்" என்று சொல்லிவிட்டுத்தான் அழுதார். திதி என்ற ஒன்று எனக்கு நினைவிலேயே வரவில்லை, பாருங்கள். செத்த திதியில்தான் திவசம்; அவர் போனதோ தசமியில். தவறினால் அந்த ஆத்துமா பசியோடு திரும்பிப் போகும் என்பார்கள். நான் இதையெல்லாம் நம்பாதவன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அடுத்த ஆண்டு ஆஸ்பத்திரிக்கே வந்து திவசத்துக்கு அழைத்தார். போனேன். "உங்கடை புண்ணியத்திலைதான் அவ பால் குடிச்சுப் போனவ" என்று என் இலையில் இன்னொரு வடை வைத்தார். சொல்ல வாயெடுத்தேன். மகள் பாயாசத்தோடு வந்தாள். வடையைக் கடித்துக்கொண்டேன். அதற்கடுத்த ஆண்டும் போனேன். அப்போதும் வருகிற வருசம் சொல்வோம் என்று திரும்பினேன். பிறகு சண்டை தொடங்கிப் பாதை பூட்டிவிட்டது. நான் செய்ததெல்லாம் வருசாவருசம் திவசத்துக்கு முதல் நாள், அந்தத் தசமியில், மச்சம் மாமிசம் சாப்பிடாமல் இருந்ததுதான்.

இரண்டாயிரத்து ஒன்பதில் யுத்தத்துக்குத் தப்பிய சனம் வவுனியா முகாம்களுக்கு வந்து சேர்ந்தது. மருந்துக்கு வந்தவர்களிடமெல்லாம் மல்லாவிக் கண்டக்டரை விசாரித்தேன். இந்த முறை சொல்லிவிடுவதென்றே இருந்தேன். கடைசியில் அவர்களின் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் கையில் கட்டோடு வந்தார்.

"அவரும் மகளும் பதுங்கின பங்கருக்கையே செத்துப்போச்சினம் டொக்ரர். அதிலையே மூடிப்போட்டு வந்தனாங்கள்."

"எப்ப அக்கா?"

"மாசியோ பங்குனியோ தெரியாது. அப்ப எங்களுக்கு நாளும் தெரியாது, கிழமையும் தெரியாது."

காயத்தைத் துடைத்துக் கட்டிவிட்டேன். அந்த அம்மாவுக்கு ஒரு பிழையான திதியாவது இருந்தது. இந்த இரண்டு பேருக்கும் அதைக்கூடச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.