உம் கொட்டாத காது

என் சின்ன மகளுக்கு நாற்பது வயது. மருந்து பாட்டில் நிரப்புகிற தொழிற்சாலையில் மிஷின் பராமரிப்பு இன்ஜினியர். மிஷின் நின்றுவிட்டால் ஊரே அவளைத் தேடும். ஓடிக்கொண்டிருந்தால் அப்படி ஒருத்தி இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது. நான் சொல்லச் சொல்ல அவள் மகள்தான் இதை எழுதுகிறாள். அழகுபடுத்துகிறேன் பேர்வழி என்று என் பேச்சில் கை வைக்கக் கூடாது என்று முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டேன்.

அந்த மிஷின்களெல்லாம் ஜெர்மனியில் செய்தவை. மிஷின் ஏன் அதிர்கிறது, ஏன் சூடாகிறது, உடைவதற்கு முன்பே அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அங்கேயே போய்ப் படிக்க வேண்டும் என்பது அவளுக்குப் பல வருட ஆசை. கல்லூரி கல்லூரியாக விண்ணப்பித்தாள். படிப்பை விட்டு ரொம்ப நாளாகிவிட்டது என்று ஒவ்வொன்றாகக் கைவிரித்தார்கள். ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அவர்களும், கம்ப்யூட்டர் திரையில் பேராசிரியரோடு நேர்காணல், முழுக்க ஜெர்மனில், அதில் தேறினால்தான் இடம் என்று சொல்லிவிட்டார்கள்.

பஸ் எங்கே நிற்கும் என்று கேட்கிற ஜெர்மன் அவளிடம் ஏற்கெனவே இருந்தது. மிஷினில் சுழலும் தண்டைத் தாங்குகிற பேரிங் ஏன் எரிந்தது என்று வாதாடுகிற ஜெர்மன் இனிமேல்தான் வர வேண்டும். வேலை முடிந்து வந்ததும் ஜெர்மன் வகுப்புக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். ஜெர்மன் வாக்கியம் ரயில் மாதிரி நீளும். மிஷின் ஓடியதா நின்றதா என்பது கடைசிப் பெட்டியில்தான் தெரியுமாம். மற்ற மாணவர்கள் அதற்கே தலையில் அடித்துக்கொண்டார்களாம். "நாம பேசுறதும் அப்படித்தானே, எனக்கு அது பழகினதுதான்" என்று இவள் சிரித்தாள். படித்தாள், எழுதினாள், உயர்நிலைப் பரீட்சையிலும் தேறினாள். ஆனால் அவள் சறுக்கியது வேறு இடத்தில்.

ஒருநாள் தொழிற்சாலையில் மூடி திருகுகிற மிஷின் படுத்துவிட்டது. செய்துகொடுத்த கம்பெனிக்கு போன் போட்டு ஜெர்மனிலேயே பேசினாள். அந்தப் பக்கத்து ஆள் விளக்கிக்கொண்டே போக, இவள் நம் வீட்டுப் பழக்கத்தில் "யா... யா... யா..." என்று உம் கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். யா என்றால் அவர்களுக்கு ஆமாம். அந்த ஆள் சொன்னதோ, நீங்கள் மிஷினைக் கழுவும்போது தண்ணீர் உள்ளே போனதால்தான் பழுது, தப்பு உங்களுடையது என்று. இவள் கேட்டுக்கொண்டிருப்பதாக உம் கொட்ட, அவரோ இவள் தப்பை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு, உதிரி பாகத்தை இலவசமாகத் தர முடியாது என்று பேச்சை முடித்துவிட்டார். மேனேஜர் அவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்.

ஜெர்மன் வகுப்பு எடுக்கிற டீச்சரம்மா நடந்ததைக் கேட்டுவிட்டுச் சொன்னாராம்: "கேட்கும்போது வாயை மூடிக்கோ. ஒத்துக்கிட்டா மட்டும் ஆமான்னு சொல்லு. ஒத்துக்கலைன்னா முதல்ல இல்லைன்னு சொல்லிட்டு, அப்புறம் காரணத்தைச் சொல்லு. அவங்க அதை மரியாதைக்குறைவா நினைக்க மாட்டாங்க."

பிடித்தது சனியன். வீட்டிலேயே பழக ஆரம்பித்துவிட்டாள். மாடிவீட்டுக்காரி துணி காயப்போடுகிற கயிற்றுக்குச் சண்டைக்கு வந்த கதையை நான் மூச்சுவிடாமல் சொல்கிறேன். இவள் கல்லுப் பிள்ளையார் மாதிரி பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

"என்னடி, சுவத்துக்கிட்ட பேசுற மாதிரி இருக்கு?"

"கேட்டுக்கிட்டுதாம்மா இருக்கேன்."

"கேக்குறவ உம் கொட்ட வேணாமா?"

"கூடாதும்மா. கயித்து விஷயத்துல தப்பு உன் மேலதான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அன்று முழுவதும் அவளோடு பேசவில்லை. தப்பு என்மேல் இல்லை என்பதை இப்போதும் சொல்கிறேன்.

மாப்பிள்ளை லிப்ட் மெக்கானிக், பொறுமைசாலி. "விடுங்க அத்தை, எனக்கு நாள் பூரா 'நைன்'தான் கிடைக்குது. குழம்பு நல்லா இருக்கான்னு கேட்டா நைன், சட்டை நல்லா இருக்கான்னு கேட்டா நைன். ஒரு தடவையாவது பொய் சொல்லுடின்னேன், அதுக்கும் நைன்" என்றார். நைன் என்றால் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே ஜெர்மன் வார்த்தை அதுதான்.

நேர்காணல் நாள் வந்தது. அவள் அறைக்குள்; கதவுக்கு வெளியே நான், மாப்பிள்ளை, பேத்தி. ஆரம்பத்தில் அவள் குரல் சரளமாகத்தான் வந்தது. பிறகு பேராசிரியர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். இவளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"மறந்துட்டாளா? மயக்கம் கியக்கம் போட்டுட்டாளா?" என்றேன்.

"உஷ்! பாட்டி, அம்மா கேட்டுக்கிட்டு இருக்காங்க."

அப்புறம் தெளிவாக ஒரு வார்த்தை கேட்டது: "நைன்."

"போச்சு!" என்று மாப்பிள்ளை தலையில் கை வைத்தார். "இருக்கிறது ஒரே ஒரு கல்லூரி. அந்தப் பெரிய மனுஷன்கிட்டயும் இல்லைன்னுட்டாளே!"

உள்ளே இரண்டு குரலும் மாறி மாறி ஏறின. அவர் ஏதோ சொல்ல, இவள் மறுக்க, அவர் மறுபடி கேட்க, இவள் மேஜையைத் தட்டி விளக்க... நான் கதவில் காதை ஒட்டிவைத்தேன். கடைசியில் அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். நல்ல சிரிப்பா கெட்ட சிரிப்பா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

வெளியே வந்தவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "பேரிங் சூடானா இன்னும் கிரீஸ் வையுன்னார்மா. அதிகமா வெச்சாலும் சூடாகும், முதல்ல தண்டு நேரா இருக்கான்னு பாக்கணும்னேன். அவர் சொன்னதுலயும் பாதி நியாயம் இருந்துச்சு. அந்தப் பாதிக்கு மட்டும் ஆமான்னு சொன்னேன். மீதிக்கு விடலை."

"அவரு கோவிச்சுக்கிட்டாரா?"

"தெரியலம்மா."

பதில் வரும்வரை யாருக்கும் சோறு இறங்கவில்லை. ஒரு விடுமுறை நாள் காலை போனைப் பார்த்தவள் அப்படியே சுவரில் சாய்ந்தாள். பேத்திதான் அவளை உலுக்கிப் படிக்கச் சொன்னாள். மகள் முதலில் ஜெர்மனில் படித்தாள், பிறகு எங்களுக்குச் சொன்னாள். இடம் கிடைத்துவிட்டது. கேள்வி கேட்டால் தலையாட்டாமல் நின்று விவாதிக்கிற ஆள்தான் தங்களுக்கு வேண்டும் என்று பேராசிரியரே எழுதியிருந்தார்.

"இன்னொரு தடவை சொல்லு" என்றேன். சொன்னாள். மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார்.

நெஞ்சில் வைத்த கல்லை யாரோ இறக்கிவைத்த மாதிரி இருந்தது. சாப்பிட்டதும் அவள் பாயை விரித்துப் படுத்தாள். காதில் பாடம் ஓடாமல், வாய் முணுமுணுக்காமல் அவள் தூங்கி எத்தனை காலம்! மாப்பிள்ளை போன் மணியை அணைத்துவைத்தார். சத்தம் வருமென்று பாத்திரங்களைக்கூட நாங்கள் அப்படியே போட்டுவிட்டோம். அவள் எழுந்தபிறகு கழுவிக்கொள்ளலாம்.