கல்நண்டுக்குக் கேக் ஓரம்

சாந்தோம் கடலோரத்துக் கல்நண்டுகளுக்குக் கண் அவிந்துவிட்டது, தின்றால் நமக்கும் அவியும் என்று பேச்சு கிளம்பிய மாலையில், ஃபிரெட்ரிக் அந்த நண்டுகளுக்குக் கேக் ஓரம் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

பேக்கரிக்காரர். கேக்கைச் சதுரமாக்க வெட்டியெடுக்கும் ஓரங்களை மனைவி ஐரினுக்குக்கூடத் தர மாட்டார். டப்பாவில் அள்ளிக்கொண்டு அலைதடுப்புக் கற்களுக்குப் போவார். கல்லிடுக்கில் தேங்கிய கடல்நீரில் குடியிருக்கும் நண்டெல்லாம் அவருக்கு நைனா. "இன்னா நைனா, பிளம் கேக் வோணுமா?" நண்டு நகர்ந்தால் சம்மதம், நகராவிட்டாலும் சம்மதம்தான். கடற்கரையில் பிறந்தும் நண்டை வாயில் வைத்ததில்லை. "பழகினவனை எப்படிங்க கடிக்கிறது?"

வதந்தியில் அடிபட்டவள், அதே கற்களில் நண்டு பிடித்துச் சூப்பு விற்கும் செண்பகம். "ஒரு ஈ காக்கா வரல மாமா. அடுப்பு மட்டும் எரிஞ்சிக்கினு கீது."

"இரும்மா, பாத்துட்டு வரேன். தின்னா ஒண்ணும் ஆவாதுன்னா, உன் கடை முன்னாடியே ஒரு நண்டு துன்னு காட்டறேன்!" ஃபிரெட்ரிக் வாயிலிருந்து வீராப்பில் விழுந்த வார்த்தை.

விலங்கியல் டீச்சரான ஐரினையும் செண்பகத்தையும் கூட்டிக்கொண்டு போனார். நீர் வடிந்த கல்லில் ஒரு நண்டு தடுமாறியது. அதன் கண்ணைச் சுற்றி நெட்டைக்கால் மஞ்சள் எறும்புகள், பஸ்ஸைத் தவறவிட்டவர்கள்போல் கன்னாபின்னாவென்று ஓடின.

"இது நம்ம ஊர் எறும்பே இல்ல. சரக்கோட சரக்கா எங்கிருந்தோ வந்து எறங்கினது" என்றார் ஐரின். "கொட்டாது, ஆசிட் பீச்சும். நண்டுக்குத்தான் கண்ணு போவும். சூப்பு குடிக்கிறவங்களுக்கு ஒண்ணும் இல்ல."

"அப்பாடா! ஆனா இங்க இன்னாத்துக்கு வந்துச்சுக்கா?"

ஐரின் எறும்புச் சாரியை விரலால் தொடர்ந்தார். அது ஒரு கல் ஏறி, மறு கல் இறங்கி, ஃபிரெட்ரிக் கீழே வைத்திருந்த டப்பாவுக்குள் போனது.

"விருந்து வெச்சதே நீதானா மாமா!"

இப்போது கேக் ஓரம் ஐரினுக்கு. ஃபிரெட்ரிக் மாலைதோறும் பிரஷ்ஷோடு போய்க் கற்களைத் தேய்க்கிறார். எறும்புகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. செண்பகத்தின் கடையில் மட்டும் மறுபடி கூட்டம். குடிக்க அல்ல, ஃபிரெட்ரிக் நண்டு தின்பதைப் பார்க்க. அவர் தின்ற பிறகுதான் கிண்ணத்தைத் தொடுவார்களாம்.

"நாளைக்கி, நாளைக்கி" என்று அவரும் தள்ளிப் பார்த்தார். நேற்று, வெந்து சிவந்த ஒன்றைத் தட்டில் நீட்டினாள் செண்பகம். "துன்னு மாமா. என் பொழப்பே உன் வாயில கீது."

ஃபிரெட்ரிக் தட்டை வாங்கினார். கூட்டம் மூச்சைப் பிடித்தது. தன்னைப் பார்த்துக்கொண்டிருந்த நண்டை, ஒரே விரலால், மெதுவாக அந்தப் பக்கம் திருப்பி வைத்தார்.