புதினா அரைத்த ஞாயிற்றுக்கிழமை

என் கல்யாணச் சீரில் வந்த பித்தளைக் காப்பி பில்டரை நானே என் கையால் குப்பைக் குழியில் போட்டு மண்ணைத் தள்ளி மூடினேன். நெய்வேலிக்குக் குடிவந்த புதிது. அம்மா கும்பகோணத்தில் பார்த்துப் பார்த்து வாங்கிய பில்டர் அது. போடும்போது எனக்குக் கொஞ்சமும் வருத்தமாக இல்லை. குமட்டிக்கொண்டு வந்தது, அவ்வளவுதான். போன மாதம் சென்னையில் மகன் வீட்டில் அதே குமட்டல் திரும்ப வந்தது. நண்பர்கள் வந்திருந்தார்கள் என்று அவன் உயரமான கண்ணாடித் தம்ளர்களில் புதினாவைப் போட்டு, ரம் ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, மேலே நுரைக்கிற ஒயினை நிரப்பிக்கொண்டிருந்தான். "சும்மா மோந்து பாரும்மா" என்று சிரித்தான். நான் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன். அவன் குடிக்கிறானே என்று எழுந்து போகவில்லை. குடிக்கிறவர்களுக்குப் பிரசங்கம் செய்கிற ஆள் நான் இல்லை. அந்த வாசனை வந்தால் கூடவே சூப்பிரண்டும் வந்துவிடுவார்.

சூப்பிரண்டு என்றுதான் அவரை எல்லோரும் சொல்வோம். என் வீட்டுக்காரர் அவருக்குக் கீழே டிராயிங் ஆபீசில் இருந்தார். மதுவிலக்கு அமலில் இருந்த காலம். ஷிப்டு தொடங்கும் முன் சூப்பிரண்டு சுரங்க கேட்டில் போய் நின்றுகொள்வார். வெள்ளை அரைக்கைச் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. உள்ளே போகிற கான்ட்ராக்ட் ஆட்களை நிறுத்தி, "வாயை ஊது" என்பார். அது அவர் வேலையே இல்லை, யாரும் அவரைச் செய்யச் சொல்லவும் இல்லை. அவருடைய அப்பா வயதுக்காரர்கள்கூட அவர் மூக்குக்கு நேரே வாயைத் திறந்து ஊதிவிட்டுப் போவார்கள். சாராய வாடை அடித்தால் அன்றோடு வேலை போயிற்று. வாடை தெரியாமல் இருக்கச் சிலர் புதினாவை மென்றுவிட்டு வருகிறார்கள் என்று யாரோ அவர் காதில் போட்டுவைத்தார்கள். அதன் பிறகு புதினா வாசனையும் குற்றமாகிவிட்டது.

எங்கள் குவார்ட்டர்ஸில் பாத்திரம் தேய்க்கப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அக்கா வருவாள். கழுவுகிற தண்ணீர் வீணாகப் போகிறதே என்று பின்பக்கக் குழாயடியில் புதினாக் குச்சிகளை நட்டவள் அவள்தான். அது பாத்தி கொள்ளாமல் மண்டியது. நான் துவையல் அரைத்தால் அவளுக்கும் ஒரு கிண்ணம் கொடுப்பேன். அவள் புருஷன் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் பம்பில் கான்ட்ராக்ட் ஆளாக இருந்தான். பர்மனென்ட் ஆகப் போகிற சமயம். ஒரு சனிக்கிழமை அவள் கண்ணெல்லாம் வீங்கி வந்து நின்றாள்.

"காலைல பழையதுக்கு உங்க வூட்டுத் தொவையலத் தொட்டுக்கினு துன்னுட்டுப் போனாருங்க. வாய ஊதச் சொல்லி, புதினா வாசன அடிக்குது, குடிச்சிட்டு வந்திருக்கறன்னு வெளிய தள்ளிட்டாருங்க. அவரு கள்ளக்கூடத் தொட்டதில்லீங்க. சார்கிட்டச் சொல்லி ஒரு வார்த்த கேக்கச் சொல்லுங்கம்மா."

என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, "பாக்கலாம்" என்றார். அவருடைய வேலையே இன்னும் உறுதியாகவில்லை.

மறுநாள் ஞாயிறு, மத்தியானம். வாசலில் சூப்பிரண்டு, கையில் துணிப்பை. ஊருக்குத் திரும்பிப் போன வெளிநாட்டு எஞ்சினியர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன ரம்மும் நுரை ஒயினும் பைக்குள் இருந்தன. அந்த எஞ்சினியர் கலக்கிற முறையையும் சொல்லிக்கொடுத்திருந்தாராம். சூப்பிரண்டின் மனைவி வெள்ளிக்கிழமை தவறாமல் வடலூர் போகிறவர், அவர் வீட்டில் இதெல்லாம் நடக்காது. "உங்க வீட்லதான் புதினா தளதளன்னு இருக்கே" என்று உரிமையோடு உள்ளே வந்து உட்கார்ந்தார். இலையைக் கையால் லேசாகக் கசக்கிப் போட்டால் போதும் என்பது போன மாதம் என் மகன் செய்ததைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும். அவர் என்னை அம்மியில் மைய அரைக்கச் சொன்னார். அம்மியில் முந்தின நாள் பூண்டும் மிளகாயும் அரைத்த வாடை. அந்த விழுதை ரம்மில் கரைத்து, சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்த்தார். திப்பி தொண்டையில் மாட்டுமே என்று சுற்றுமுற்றும் பார்த்து, அலமாரியிலிருந்த என் காப்பி பில்டரை அவரே எடுத்து அதில் ஊற்றி வடித்தார். அதன் மேலே ஒயினைத் திறந்து கவிழ்த்தார். பச்சையும் பழுப்புமாக நுரை பொங்கித் தரையெல்லாம் வழிந்தது. கழனித் தொட்டி புளித்த மாதிரி ஒரு நாற்றம். அதை அவர் "பிரமாதம், பிரமாதம்" என்று சப்புக்கொட்டிக் குடித்தார். மோவாயில் பச்சைத் திப்பி ஒட்டியிருந்தது. நடுநடுவே ஏப்பம். அந்த வாயாலேயே, "இந்த ஆளுங்களுக்கு நாக்கு அடங்காதுய்யா. நான் ஒருத்தன் இல்லேன்னா சுரங்கமே தள்ளாடும்" என்றார். என் வீட்டுக்காரர் தம்ளரை உதட்டில் வைத்தபடி தலையாட்டினார். அந்த நிமிஷம் எனக்கு இரண்டு பேரையும் பிடிக்கவில்லை.

சூப்பிரண்டு வாய் கொப்பளிக்கப் பின்பக்கம் வந்தபோது அக்கா குழாயடியில் அந்தத் தம்ளர்களைத்தான் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு புதினா பறிச்சுக் குடு. வீட்ல வாசனை தெரியக்கூடாது" என்று அவளிடம் கை நீட்டினார். அவள் ஒரு கொத்தைப் பறித்து அலசிக் கொடுத்தாள். அவர் மென்றார்.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "சார், நேத்து கேட்டுல புதினா வாசனைன்னு ஒருத்தரை வெளியே அனுப்பினீங்களே, அவர் சம்சாரம்தான் இவங்க. அவர் தின்னது நான் அரைச்ச துவையல், இதே அம்மியில" என்றேன். என் வீட்டுக்காரர் கதவருகிலிருந்து 'வேண்டாம்' என்று எனக்குக் கை காட்டினார். சூப்பிரண்டின் வாய் அசைவது நின்றது. இலையை விழுங்கிவிட்டு, வெகு நிதானமாக, "அப்படியா? நாளைக்கு வந்து என்னைப் பாக்கச் சொல்லு" என்றார். அக்கா சாம்பல் கையோடு அவர் காலில் விழுந்தாள்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். திங்கட்கிழமை சாயங்காலம் வந்தவள் பாத்திரத்தில் கை வைக்காமல், நேரே குழாயடிக்குப் போய்க் குந்தினாள்.

"ஷிப்டு ஆளுங்க எல்லாரையும் நிக்க வெச்சு, கர்ப்பூரம் கொளுத்தி, இனிமே குடிக்க மாட்டேன்னு அடிச்சு சத்தியம் பண்ணச் சொன்னாருங்க. பண்ணிட்டு வந்துட்டாரு. குடிக்கவே குடிக்காத மனுசன். வூட்டுக்கு வந்து செவுத்தப் பாத்துக்கினு படுத்திருக்காரு." பேசிக்கொண்டே புதினாவை வேரோடு பிடுங்கிப் பிடுங்கி ஓரமாகப் போட்டாள். "போவட்டும்ங்க, வேல இருக்குதில்ல. இது மட்டும் இங்க வாணாங்க."

அன்றைக்குத்தான் பில்டரைப் புதைத்தேன். எத்தனை முறை புளி போட்டுத் தேய்த்தும் அதில் காப்பி வாசனை திரும்பவில்லை. அவள் புருஷனுக்கு வேலை பர்மனென்ட் ஆயிற்று. ஆனால் ஊரார் கண்ணில் கடைசிவரை அவன் திருந்திய குடிகாரன்தான். சூப்பிரண்டு போகிற இடமெல்லாம், "ஒரு குடிகாரனை ஆளாக்கினேன்" என்று சொல்லிக்கொண்டார். கேட்டவர்கள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

மகன் வீட்டில் நண்பர்கள் போன பிறகு, பழைய பாத்திரங்கள் என்றால் ஆசைப்படுகிற மருமகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சீர்ப் பாத்திரம் எல்லாம் பத்திரமா வெச்சிருக்கீங்களே அத்தை, பித்தளை பில்டர் மட்டும் எங்கே?"

"அது கெட்டுப்போச்சும்மா."

அவள் சிரித்தாள். "பித்தளை எங்கயாவது கெட்டுப்போகுமா அத்தை?"

"போச்சே" என்றேன்.