போகிற கை

போலந்தில் அடுத்தவர் நாய்க்குக் கை நீட்டக் கூடாது. இது தெரியாமல், நான் குடியிருக்கும் கட்டிடத்தின் லிஃப்டில் மேல்மாடிக் கிழவியின் நாய்க்கு ஒரு ரொட்டித் துண்டை நீட்டிவிட்டேன். அவள் கயிற்றை வெடுக்கென்று இழுத்தாள். தன் கையைத் தவிர வேறு கையில் அது தின்னாது என்று பெருமையாகச் சொன்னாள். கிடங்கு வேலையில் பொறுக்கிய அரைகுறைப் போலிஷில், "பானி, உங்களுக்குப் பிறகு?" என்று கேட்டேன். பானி என்பது நம் 'அம்மா' போல ஒரு மரியாதைச் சொல். நாயை நினைத்துத்தான் கேட்டேன். அவள் சாவைக் கேட்டதாக எடுத்துக்கொண்டாள். அதன்பின் என் வணக்கத்துக்குப் பதில் இல்லை.

எங்கள் கோலார் தங்கவயலில் இதை யாரும் கேட்க வேண்டியிருந்ததில்லை. கோரமண்டல் லைன் வீடுகளில் நாய் வளர்த்த சுரங்கத் தொழிலாளி அதை இரண்டு கைக்குப் பழக்குவான். சில நாள் சோற்றைப் பிசைந்து பக்கத்து வீட்டாரை வைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு, தான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். கேஜ் என்ற சுரங்கத்து லிஃப்டில் கீழே இறங்குகிறவன் மேலே வருவது நிச்சயமில்லை. அப்பாவும் அப்படித்தான் பழக்கினார். பாறை வெடித்து அவர் மேலே வராத அன்று சாயங்காலம், பக்கத்து வீட்டம்மா வைத்த சோற்றை எங்கள் நாய் தட்டை நக்கித் தின்றது. நான் கல்லெடுத்தேன், அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வருஷம் ஏழாவதோடு பள்ளி நின்றது. பிறகு பெங்களூரு, மஸ்கட், இப்போது இந்தக் குளிர்.

போன வருஷம் லீவில் போனபோது அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டிருந்தது. டயாலிசிஸுக்கு ரயிலேறிப் பெங்களூரு போய் வந்துகொண்டிருந்தாள். தனியாள், துணைக்கு டைகர் என்ற நாய். சுரங்கம் மூடி எவ்வளவோ காலமாகியும், அவள் டைகரின் சோற்றைப் பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று அப்பாவின் நாய்க்குச் சோறு வைத்தவரின் மகள்தான் ஸ்டெல்லா. "உங்கக்கா நாய எனக்கு எழுதி வைக்கல, என்னத்தான் நாய்க்கு எழுதி வச்சிட்டாங்க" என்று சிரித்தாள்.

ஒருநாள் தட்டை நான் எடுத்தேன். அக்கா பிடுங்கிக்கொண்டாள்.

"உன் கை வேணாடா."

"இன்னாக்கா, நான் வச்சா தின்னாதா?"

"தின்னும். அதான் வேணான்றேன். நீ போறவன். உன் கைக்கும் அது காத்துக்கினு கெடந்தா யாரு பதில் சொல்றது?"

கோபமில்லாமல்தான் சொன்னாள். நான் கிளம்பிய காலையில் டைகர் ஸ்டேஷன்வரை பின்னால் வந்தது. என் சட்டைப்பையில் டீக்கடைப் பொறை இருந்தது. கையை வெளியே எடுக்காமல் ரயிலேறினேன்.

இந்தக் குளிர்காலத்தில் அக்கா போய்விட்டாள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. ஸ்டெல்லாவிடம் ஃபோனில் கேட்க எவ்வளவோ இருந்தும், டைகர் சாப்பிட்டதா என்பதுதான் வாயில் வந்தது.

"அன்னிக்கி சாயங்காலமே சாப்ட்டுச்சு. சாப்ட்டுட்டு உங்க வாசப்படில போய்ப் படுத்துக்கிச்சு."

இந்தக் கட்டிடத்து லிஃப்ட் பழையது, கம்பிக் கதவு போட்டது. ஒவ்வொரு காலையும் அதில் இறங்கும்போது எனக்கு அது அப்பாவின் கேஜ்தான். நேற்று பானியும் நாயும் உள்ளே இருந்தார்கள். நாய் என் கோட்டுப்பையை மோந்தது. இந்த முறை அவள் கயிற்றை இழுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தாள். கொடு என்பதுதான் அது. ஒப்பந்தம் முடிந்தால் நான் இங்கிருந்தும் போகிறவன். பைக்குள் ரொட்டி இருந்தது, அதன்மேல் என் கை இருந்தது. லிஃப்ட் இறங்கிக்கொண்டே இருந்தது.