குட்டைக்கால், நீட்டுக்கால்: எங்கள் பாய்மரப் படகுக்கு மோட்டார் தேடிய கதை

போன பள்ளி விடுமுறையில் நடந்தது இது. பாய்மரப் படகுக்குச் சின்ன மோட்டார் வாங்க நினைப்பவர்களுக்கு உதவுமே என்றுதான் எழுதுகிறேன். நடுவில் நான் கத்தினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் பத்தொன்பது அடியில் ஒரு பழைய பாய்மரப் படகு இருக்கிறது. ரவாங்கில் தொழிற்சாலை வேலை பார்க்கும் குடும்பத்துக்குப் பாய்மரம் எதற்கு என்று ஊரே கேட்டாயிற்று, நீங்களும் கேளுங்கள். என் வீட்டுக்காரர் சேகருக்குக் கடல் பைத்தியம், வேறு பதில் என்னிடம் இல்லை. கோலசிலாங்கூரில், பாசிர் பெனாம்பாங் பக்கம் மீனவர்கள் படகு கட்டும் துறையான ஜெட்டி ஒன்றில் அதைக் கட்டி வைத்திருக்கிறோம். அதற்கு முந்தைய மாதம் மகள் யாழினியோடு போனபோது, ஆற்று முகத்தில் காற்று பொட்டென்று நின்றுவிட்டது. தண்ணீர் கடலுக்கு இறங்கும் வற்றம் எங்களை இழுத்துக்கொண்டு போய்ச் சேற்றில் உட்கார வைத்தது. மறுபடி தண்ணீர் ஏறும்வரை கொசுக்கடியில் கிடந்தோம். பதினொரு வயதுப் பிள்ளைக்கு அழுது அழுது தொண்டை கட்டிக்கொண்டது.

அன்றிலிருந்து "செத்தாலும் போட்ல ஏற மாட்டேன்" என்று ஒரே பிடிவாதம். அவள் அப்பா கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டதில் கடைசியில் ஒரு நிபந்தனைக்கு இறங்கி வந்தாள்.

"மோட்டார் மாட்டுங்க. நீங்க ரெண்டு பேரும் ஆத்து முகம் வரைக்கும் போய்ட்டு திரும்பி வாங்க. நான் ஜெட்டில நின்னு பாக்கறேன். நடுவுல நின்னுச்சுன்னா வித்துடணும். சரியா?"

"சரி" என்று இவர் சத்தியமே செய்து கொடுத்துவிட்டார். படகு போனால் போகட்டும். பிள்ளை எங்களை நம்பாமல் போய்விடுவாளோ என்பதுதான் எனக்குப் பயம்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ரவாங்கில் கிளம்பினோம். என் தம்பி கோபியும் கூட வந்தான். நெடுஞ்சாலையில் ஏறினால் ஐம்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம்கூட ஆகாது. புக்கிட் ரோத்தானில் தோசையும் தே தாரிக் டீயும் முடித்துவிட்டு, முதலில் தெற்கே ஜெராமுக்குப் போனோம். அங்கே ஒரு தவுக்கே, சீன முதலாளி, பழைய மோட்டார் விற்கிறார், தோட்டத்து ஆட்களோடு வளர்ந்தவர், தமிழ் தண்ணீர்பட்ட பாடு.

பதினைந்து குதிரைச் சக்தி மோட்டாரைப் பார்த்ததும் சேகரின் கண் விரிந்துவிட்டது. மீன் படகுகளெல்லாம் நாற்பது வைத்து ஓட்டுகிறார்களாம், நாம் பதினைந்தாவது வைக்க வேண்டாமா என்றார். என்ன நியாயம் பாருங்கள்! எங்கள் படகின் அடியில் கனமான நடுப்பலகை இருக்கிறது. எத்தனை குதிரையைப் பூட்டினாலும் ஓட்டநடையை விட வேகமாகப் போகாது. மிச்ச சக்தி பெட்ரோலைக் குடித்து வாலைத் தாழ்த்தும், அவ்வளவுதான். ஆறு குதிரை தாராளம்.

நான் தையல் டேப்பை எடுத்து மோட்டாரின் காலை, அதாவது விசிறிவரை இறங்கும் தண்டை, அளந்தேன். பதினைந்து அங்குலம்.

"தவுக்கே, இது குட்டைக்கால். மோட்டார் மாட்டற எங்க பின்பலகை உயரம். அலையில பின்பக்கம் தூக்குனா விசிறி வெளிய வந்து காத்துலதான் சுத்தும்."

"அம்மா, அதெல்லாம் கட்டும் லா. கொஞ்சம் கீழ எறக்கி கட்டு."

"கீழ எறக்குனா தலை தண்ணிக்குள்ள போய்டும், தவுக்கே!"

அவர் சிரித்துவிட்டு, நீட்டுக்கால் வேண்டுமானால் வடக்கே பாகான் நக்கோடா ஓமாருக்குப் போ, அங்கே ஒருவர் வைத்திருக்கிறார் என்று தானாகவே வழி சொன்னார். வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்று இப்படிச் சொல்பவரை நான் பார்த்ததே இல்லை.

பாகானுக்கு அங்கிருந்து எழுபது கிலோமீட்டர் இருக்கும். செம்பனைத் தோட்டங்கள், அப்புறம் வயல், அப்புறம் மீன் வாடை. மலாய்க்காரர் ஒருவர் வீட்டுக் கொட்டகையில் நாங்கள் தேடியது இருந்தது: ஆறு குதிரை, நான்கு ஸ்ட்ரோக், இருபது அங்குலக் கால். விலை மூவாயிரத்து எண்ணூறு வெள்ளி. தண்ணீர்த் தொட்டியில் காலை இறக்கி ஓட்டிக் காட்டினார். பின்பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை, அதிலிருந்து ஊசி மாதிரி தண்ணீர் பீய்ச்சியது. இயந்திரத்தைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அது நின்றால் உடனே மோட்டாரை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே எல்லாம் வெந்துவிடும் என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

மறுநாள் யாழினியையும் ஜெட்டிக்குக் கூட்டிப்போய் மாட்டினோம். பின்பலகையில் ஏற்றி இறக்கும் தாங்கியைப் பொருத்த நான்கு துளை. உட்பக்கம் ஒரு தகடு, துளைகளில் பசை, அப்புறம்தான் போல்ட்டு. மோட்டார் இருபத்தைந்து கிலோவுக்கு மேல், இருவர் பிடித்தே ஆக வேண்டும். முதலில் அதை ஒரு கயிற்றால் படகோடு கட்டிவிடுங்கள். கை நழுவினால் நேராக ஆற்றுக்கு அர்ச்சனைதான்.

வேலை முடிந்ததும் கோபி பையைத் திறந்தான். மாலை, சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம், சூடம்!

"டேய், பெட்ரோல் டேங்க் பக்கத்துல சூடமா? அறிவு இருக்கா உனக்கு?"

"சரி, சூடம் வேணாம்க்கா. புது வண்டிக்குப் பூஜை போடாம எடுப்பாங்களா? எலுமிச்சம்பழத்த எங்க வைக்கறது? இதுக்குத்தான் டயரே இல்லியே?"

"உன் தலையில வை."

பழத்தை நறுக்கி ஆற்றில் போட்டான். மோட்டாருக்கு முன்னும் பின்னும் சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, கழுத்தில் மாலையும் போட்டான். அரசியல்வாதி மாதிரி இருந்தது. என் கைப்பேசியை யாழினியிடம் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னேன். அவளையும் கோபியையும் ஜெட்டியில் விட்டுவிட்டு நாங்கள் கிளம்பினோம். வற்றம் ஆரம்பித்திருந்தது, காற்று துளியும் இல்லை. சோதிக்க வேண்டியது அதைத்தானே?

மோட்டார் அழகாக ஓடியது. இவர் பாட ஆரம்பித்துவிட்டார். ஆற்று முகம் தெரியும் நேரத்தில் மாலை சரிந்து ஒதுங்கியது. பார்க்கிறேன், ஓட்டையிலிருந்து தண்ணீர் வரவில்லை. ஒரு சொட்டுகூட இல்லை!

"ஐயோ, தண்ணி வரல! அணைங்க, அணைங்க!"

இவர் அணைத்தார். அந்த அமைதி இருக்கிறதே, அதைப் போல் பயங்கரம் எதுவும் இல்லை. படகு அப்படியே பக்கவாட்டில் திரும்பி, கடலை நோக்கி வழுக்கிக்கொண்டு போனது. திரும்பிப் பார்த்தேன். ஜெட்டி தூரத்தில் இருந்தது. ஆள் தெரியவில்லை. ஆனால் பிள்ளை பார்த்துக்கொண்டுதான் நிற்கிறாள் என்று தெரியும். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நங்கூரம் எங்கங்க?"

"ஐஸ் பெட்டிக்கு அடியில."

ஐஸ் பெட்டிக்கு அடியில்! திட்டக்கூட நேரமில்லை. பெட்டியை உருட்டித் தள்ளி, சிக்கலை அவிழ்த்து, நங்கூரத்தைப் போட்டோம். கொஞ்ச தூரம் சேற்றில் இழுபட்டு, பிறகு பிடித்தது. இவருடைய கைப்பேசி காரில் இருந்தது, என்னுடையது மகளிடம். யாரைக் கூப்பிடுவது?

மோட்டார் வெந்தே போயிருக்கும் என்று பயந்துகொண்டே மூடியைத் தொட்டேன். வெதுவெதுப்புதான். மூடியைக் கழற்றி உள்ளேயும் கையை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தேன். இவ்வளவு நேரம் தண்ணீரில்லாமல் ஓடியிருந்தால் கை பொசுங்கியிருக்கும். தொழிற்சாலையில் தரம் பார்ப்பதுதான் என் வேலை, சூடான இயந்திரம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? குனிந்து ஓட்டையைப் பார்த்தேன். ஓட்டையே இல்லை. அந்த இடத்தில் வெயிலில் காய்ந்து இறுகிய சந்தனப் பொட்டு, அதன் நடுவே குங்குமம்!

தாலிச் சங்கிலியில் எப்போதும் ஓர் ஊக்கு மாட்டியிருப்பேன். அதை எடுத்துக் குத்தினேன். சந்தனம் கட்டியாக வந்தது. மோட்டாரைப் போட்டதும் தண்ணீர் என் முகத்திலேயே பீய்ச்சியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காகும் என்பார்கள், என் தம்பி பிள்ளையாரையே நடு ஆற்றில் நிற்க வைத்துவிட்டான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுத்து நடந்ததை எழுதியபின் எனக்கு அறிவுரை சொல்ல வராது. குதிரைச் சக்தியைப் பார்க்கும் முன் பின்பலகையின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். தொட்டியில் ஓட்டிக் காட்டாத மோட்டாரைத் தொடாதீர்கள். மோட்டாரை நிறுத்தும் கயிற்றை மணிக்கட்டில் மாட்டுங்கள், விழுந்தால் மோட்டார் தானே அணையும். நங்கூரத்தின் மேல் எதையும் வைக்காதீர்கள், சாப்பாடு உட்பட. ஜெட்டியை விட்டு நகரும் முன் தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பார்த்துவிடுங்கள். பூஜை தாராளமாகப் போடுங்கள், பொட்டை மூடியின் மேல் மட்டும் வையுங்கள். முதல் முறை வற்றத்தில் போகாதீர்கள், ஏற்றத்தில் போனால் நின்றாலும் ஊருக்குள்தான் தள்ளும்.

நங்கூரத்தை ஏற்றித் திரும்பினோம். கொஞ்ச தூரம் வந்திருப்போம், எதிரே ஒரு மீன் படகு சீறிக்கொண்டு வந்தது. நடுவில் கோபி பலகையை இறுக்கிப் பிடித்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். பின்னால் வயதான மீனவர் ஒருவர். முன் முனையில், இரண்டு ஆள் போடும் அளவு மிதவைச் சட்டைக்குள், கையில் கயிற்றோடு நின்றது யார்?

யாழினி.

செத்தாலும் ஏற மாட்டேன் என்றவள்! நாங்கள் நின்றதைப் பார்த்ததும் ஜெட்டி முழுக்க ஓடி, இந்த மீனவரின் கையைப் பிடித்து இழுத்து வந்தாளாம். "நீ இங்க நில்லு, நாங்க போறோம்னு சொன்னேன்க்கா, கேக்கல. எனக்கு முன்னாடி ஏறிட்டா" என்று கோபி பிறகு சொன்னான்.

முகமெல்லாம் கண்ணீர். ஆனால் குரல் மட்டும் அதட்டியது.

"மா! பயப்படாதீங்க! நான் வந்துட்டேன்! கயித்தைப் பிடிங்க!"

எங்கள் மோட்டார் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இவர் அதைச் சொல்ல வாயைத் திறந்தார். நான் இவர் கையை அழுத்தினேன். இவர் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பிறகு மோட்டாரை அணைத்தார்.

கயிறு வந்து விழுந்தது. முன்முனையில் கட்டினேன். மகள் எங்களைக் கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.